கார் ஏசி: கேஸ் அடிப்பதற்கு முன் கசிவைக் கண்டுபிடிக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மாசி கழிந்து வெயில் ஏறத் தொடங்கியதும் திருவொற்றியூர் நெடுஞ்சாலை, எருக்கஞ்சேரி நெடுஞ்சாலை, மூலக்கடை சந்திப்பு என்று வட சென்னையின் எந்தப் பக்கம் போனாலும் 'கார் ஏசி கேஸ் ஃபில்லிங்' என்ற தட்டிகள் கண்ணில் படுகின்றன. அந்தக் கடைகளின் முன் நிற்கும் வண்டிகளில் பல, மாதத் தவணை கட்டிக்கொண்டே ஓட்டப்படும் வாடகைக் கார்கள். பானெட்டைத் திறந்து ஒரு குழாயைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கேஸ் தீர்ந்துபோச்சுண்ணே, அடிச்சுட்டா சரியாயிடும்" என்கிறார்கள். பணம் கைமாறுகிறது. சில வாரங்கள் குளிர்கிறது. பிறகு மறுபடியும் அதே கடை, அதே பேச்சு. கார் ஏசியில் கேஸ் தீர்ந்துபோவது என்ற ஒன்று கிடையாது. அது புரியாததால் அன்றாடம் உழைத்துச் சம்பாதிப்பவர்களின் பணம் ஆண்டுதோறும் காற்றில் போவதைப் பார்த்து மனம் பொறுக்காமல் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் காசிமேட்டில் மீனுக்கு ஐஸ் தயாரிக்கும் ஆலைகளின் கம்ப்ரசர் அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அங்கே ஓடும் வாயு அமோனியா. சிறு கசிவு இருந்தாலும் கண் எரியும், மூக்கு உடனே சொல்லிவிடும். அதை அடைக்காமல் அடுத்த வேலையைப் பார்க்க யாராலும் முடியாது. பெரும்பாலான கார்களின் ஏசியில் இருக்கும் ஆர்-134ஏ வாயுவோ நிறமற்றது. கசிவை உணர்த்தும் அளவுக்கு மணமும் அதற்குக் கிடையாது. எங்கே எவ்வளவு போனது என்பது வண்டிக்காரருக்கும் தெரியாது, தேடிப் பார்க்காத மெக்கானிக்குக்கும் தெரியாது. கண்ணுக்கும் மூக்குக்கும் எட்டாத இந்தக் கசிவை வைத்துத்தான் தொழிலில் இத்தனை தவறுகள் நடக்கின்றன என்பது என் எண்ணம்.

கார் ஏசியின் அமைப்பு மூடிய வட்டம். என்ஜின் பெல்ட்டால் சுழலும் கம்ப்ரசர், வாயுவை அழுத்திச் சூடாக்கி, ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டன்சருக்குத் தள்ளுகிறது; அங்கே காற்று பட்டு அது திரவமாகிறது; ட்ரையர் என்னும் சிறு குப்பியில் அதன் ஈரம் உறிஞ்சப்படுகிறது; எக்ஸ்பான்ஷன் வால்வின் நுண்ணிய துளை வழியே பாய்ந்ததும் அழுத்தம் சட்டென்று குறைந்து, டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் கொதித்து ஆவியாகி, வண்டிக்குள் இருக்கும் வெப்பத்தை வாங்கிக்கொண்டு கம்ப்ரசருக்கே திரும்புகிறது. இந்தச் சுற்றில் எந்த இடத்திலும் வாயு எரிவதில்லை, செலவாவதுமில்லை. பெட்ரோலைப் போல அதைத் தீரும் பொருளாக நினைப்பதற்கு எந்த அடிப்படையும் இல்லை. ரப்பர் குழாய்கள், கம்ப்ரசர் அச்சின் சீல், இணைப்புகளில் உள்ள ஓ-ரிங் என்னும் ரப்பர் வளையம் ஆகியவற்றின் வழியே ஆண்டுக்குச் சில கிராம் ஊறிப் போவது இயல்புதான். அதனால் பல ஆண்டு ஓடிய வண்டியில் குளிர்ச்சி சற்றுக் குறையலாம். ஆனால் சித்திரையில் அடித்த கேஸ் ஆனியில் இல்லையென்றால், எங்கோ ஓட்டை இருக்கிறது. அதை அடைக்காமல் மேலும் கேஸ் அடிப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் மொள்வதுதான்.

எங்கள் தெருவில் வாடகைக் கார் ஓட்டும் இளைஞர் ஒருவர் கடந்த கோடையில் என்னிடம் வந்தார். "ஐயா, கம்ப்ரசர் போயிடுச்சுன்னு சொல்றாங்க, 18,000 ரூபா ஆகுமாம்" என்றார். அதற்கு முன் அதே கடையில் பலமுறை கேஸ் அடித்திருக்கிறார். பானெட்டைத் திறந்தோம். கேஸ் ஏற்றும் நிப்பிள்களில் ஒன்றுக்கு மூடி இல்லை. அதன் வாயைச் சுற்றிக் கறுத்த எண்ணெய்ப் பசையும் அதில் ஒட்டிய தூசியும் இருந்தன. பாத்திரம் துலக்கும் சோப்பைத் தண்ணீரில் கரைத்து ஒரு சொட்டு விட்டோம். சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு நடுவிலிருந்த சிறு ஊசியின் ஓரத்தில் ஒரு குமிழி மெல்ல எழுந்து, கடுகளவு பெரிதாகி உடைந்தது. அதே இடத்தில் அடுத்தது எழுந்தது. உள்ளே இருக்கும் வால்வ் கோர் தேய்ந்திருந்தது, அவ்வளவுதான். கைவிரல் நுனி அளவுகூட இல்லாத, மிக மலிவான பொருள் அது. கேஸ் குறைந்ததும், கம்ப்ரசரைப் பாதுகாக்க வேண்டிய பிரஷர் சுவிட்ச் தன் வேலையைச் சரியாகச் செய்து கம்ப்ரசரை ஓடவிடாமல் தடுத்திருக்கிறது. கம்ப்ரசர் ஓடவில்லை என்பதைக் கண்ட கடைக்காரர், அது ஏன் ஓடவில்லை என்று பார்க்கவில்லை. வேறொரு கடையில் வால்வ் கோரை மாற்றி, வேக்குவம் எடுத்து (அதாவது உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்ப்பால் உறிஞ்சி வெளியேற்றி), எடை பார்த்துக் கேஸ் ஏற்றினார்கள். பழைய கம்ப்ரசரே இன்றுவரை ஓடுகிறது.

முதல் கடைக்காரர் ஏமாற்றினார் என்று நான் சொல்ல வரவில்லை. அவருக்குத் தெரிந்த வைத்தியம் அதுவாக இருந்திருக்கலாம். ஆனால் விளைவு ஒன்றுதான்: 18,000 ரூபாய் வீணாகியிருக்கும்.

ஆகவே வண்டியைக் கடையில் விடும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, "கேஸ் எங்கே போனது?" என்பதே. அதைக் கண்டுபிடிக்க வழிகள் உண்டு. வாயுவோடு சேர்ந்து கம்ப்ரசர் எண்ணெயும் சுற்றுவதால், கசியும் இடத்தில் எண்ணெய்ப் பசை படியும். நல்ல மெக்கானிக் முதலில் கண்ணால் அதைத்தான் தேடுவார். அடுத்து, நைட்ரஜனை 150 பி.எஸ்.ஐ. அழுத்தத்துக்கு ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நீர் தடவிப் பார்ப்பது. நுண்ணிய கசிவு என்றால், புற ஊதா விளக்கில் ஒளிரும் சாயத்தைச் செலுத்தி, சில நாள் ஓட்டிய பிறகு தேடலாம். எலக்ட்ரானிக் லீக் டிடெக்டரும் இருக்கிறது. கூலிங் காயிலில் கசிவு இருந்தால்தான் டேஷ்போர்டை இறக்க வேண்டிய பெரிய வேலை வரும். அதற்கு முன்பே டிடெக்டரின் முனையை ஏசித் தண்ணீர் வடியும் குழாயின் வாயில் அல்லது காற்று வரும் துவாரத்தில் வைத்துப் பார்த்துவிடலாம். டேஷ்போர்டை ஒருமுறை இறக்கி ஏற்றிய வண்டியில் அதற்குப் பிறகு ஏதாவது ஒரு மூலையில் கடகடவென்று சத்தம் வருவதைப் பலரும் அறிவார்கள். உறுதியான ஆதாரம் இல்லாமல் அதற்குச் சம்மதிக்காதீர்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். நைட்ரஜன் சிலிண்டர் இல்லாத கடைகளில், பக்கத்து வெல்டிங் பட்டறையிலிருந்து ஆக்சிஜனை இழுத்து லீக் டெஸ்ட் செய்ய யாராவது முயன்றால், வண்டியை விட்டு விலகி நின்று உடனே தடுத்துவிடுங்கள். உள்ளே எண்ணெய் இருக்கிறது. அழுத்தப்பட்ட ஆக்சிஜனும் எண்ணெயும் சேர்ந்தால் வெடிக்கும். ஐஸ் ஆலையில் எனக்கு முதலில் சொல்லிக்கொடுக்கப்பட்ட பாடங்களில் இது ஒன்று.

கசிவை அடைத்த பிறகு வேக்குவம். இந்த வேலையைத்தான் நம் பகுதியில் அதிகம் விழுங்கிவிடுகிறார்கள். குழாயைக் கழற்றிய கணத்திலேயே கடற்கரைக் காற்றின் ஈரம் உள்ளே போய்விடுகிறது. அந்த ஈரம் உள்ளே தங்கினால் எக்ஸ்பான்ஷன் வால்வின் துளையில் பனிக்கட்டியாக உறைந்து அடைத்துக்கொள்ளும். எண்ணெயோடும் வாயுவோடும் சேர்ந்து அமிலமாகி, கம்ப்ரசரையும் காயிலையும் உள்ளிருந்து அரிக்கும். வேக்குவம் பம்ப்பை அரை மணி நேரமாவது ஓடவிட்டால்தான் அழுத்தம் போதிய அளவு குறைந்து, அந்த ஈரம் சாதாரண வெப்பநிலையிலேயே கொதித்து வெளியேறும். பழைய ஃபிரிட்ஜ் கம்ப்ரசரையே வேக்குவம் பம்ப்பாக மாற்றி, ஒரு டீ குடித்து முடிக்கும் நேரத்துக்கு ஓடவிட்டு நிறுத்தும் கடைகளை நான் பார்த்திருக்கிறேன். சில கடைகளில் அதுகூட இல்லை. சிறிது கேஸைத் திறந்துவிட்டு உள்ளிருக்கும் காற்றை வெளியே ஊதித் தள்ளுகிறார்கள். இப்படிச் செய்த வண்டி அன்று மாலை குளிரும்; மறு ஆண்டு கம்ப்ரசரைக் கேட்கும்.

பம்ப்பை நிறுத்திய பிறகு, அழுத்தத்தைக் காட்டும் கேஜின் முள் நகராமல் பத்து, பதினைந்து நிமிடம் நின்றால் நல்ல அறிகுறிதான். ஆனால் அதை மட்டும் காட்டி "லீக் இல்லை" என்று சொல்வதை ஏற்க முடியாது. வேக்குவத்தில் வெளிக்காற்று உள்நோக்கி அழுத்துவது 15 பி.எஸ்.ஐ.க்கும் குறைவு, வண்டி ஓடும்போது உள்ளிருந்து வெளிநோக்கி அழுத்துவதோ 200 பி.எஸ்.ஐ.க்கு மேல். சிறிய அழுத்தத்தில் மூடிக்கிடக்கும் ஓட்டை பெரிய அழுத்தத்தில் திறந்துகொள்ளும்.

அடுத்தது கேஸின் அளவு. ஒவ்வொரு காருக்கும் எத்தனை கிராம் என்று பானெட்டின் உட்புறத்திலோ அதை ஒட்டிய பகுதியிலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் அச்சிட்டிருப்பார்கள். சிறிய கார்களுக்கு அது பெரும்பாலும் 350 முதல் 500 கிராமுக்குள் இருக்கும். கடைகளிலோ "ஒரு டப்பா அடிச்சாச்சு" என்பதே கணக்கு. டப்பாவில் சுமார் 450 கிராம் இருக்கிறது. வண்டிக்கு வேண்டியது 380 கிராம் என்றால் மிச்சம் எங்கே போனது, அல்லது ஏற்கெனவே உள்ளே 200 கிராம் இருந்திருந்தால் இப்போது மொத்தம் எவ்வளவு, என்று யாரும் கேட்பதில்லை. அதிகமாக ஏற்றினால் அதிகமாகக் குளிரும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது முற்றிலும் தவறு. அளவு மிஞ்சினால் கண்டன்சரில் திரவம் தேங்கி, வாயு குளிர்வதற்கு இடம் குறைந்து, மேல் அழுத்தம் ஏறி, குளிர்ச்சி குறைந்து, கம்ப்ரசர் திணறும்.

கேஜ் முள்ளைப் பார்த்தே அளவைச் சொல்லிவிடலாம் என்பவர்களும் உண்டு. என்ஜின் நின்றிருக்கும்போது 30 டிகிரி வெப்பத்தில் இரண்டு முள்ளும் ஏறத்தாழ 95 பி.எஸ்.ஐ.யைக் காட்டும். உள்ளே திரவம் சிறிதளவு மிஞ்சியிருக்கும் வரை, 150 கிராம் இருந்தாலும் 400 கிராம் இருந்தாலும் அந்த எண் மாறாது. அது வெப்பநிலையைப் பொறுத்ததே தவிர அளவைப் பொறுத்ததல்ல. ஆகவே எடை மெஷின் இல்லாத கடையில் சரியான அளவு கேஸ் ஏற்றுவது என்பது குத்துமதிப்பு வேலை. மளிகைக் கடையில் அரைக் கிலோ பருப்பைத் தராசில் வைக்காமல் வாங்க மாட்டோம். அதைவிடப் பல மடங்கு விலையுள்ள இந்தப் பொருளைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறோம்.

அதற்காகக் கேஜ் வேண்டாம் என்பதல்ல. என்ஜின் ஓடும்போது அது நிறையச் சொல்லும். நம் ஊர் வெயிலில் நீல முள் (கம்ப்ரசருக்குத் திரும்பும் பக்கத்துக் குறைந்த அழுத்தம்) 30 முதல் 45 பி.எஸ்.ஐ. வரையிலும், சிவப்பு முள் (கம்ப்ரசர் தள்ளும் பக்கத்து மேல் அழுத்தம்) 200 முதல் 250 பி.எஸ்.ஐ. வரையிலும் நிற்பது பொதுவாக இயல்பு. வண்டிக்கு வண்டி சற்று மாறும். இரண்டும் தாழ்ந்திருந்தால் கேஸ் குறைவு. இரண்டும் ஏறியிருந்தால் கேஸ் மிகுதி, கண்டன்சர் அடைப்பு, ஃபேன் ஓடாமை ஆகியவற்றில் ஒன்று. நீலம் ஏறியும் சிவப்பு இறங்கியும் இருந்தால்தான் கம்ப்ரசரின் அழுத்தும் திறன் போய்விட்டதோ என்று சந்தேகிக்க வேண்டும். கம்ப்ரசரை மாற்றச் சொல்லும் கடைக்காரரிடம், "இரண்டு முள்ளும் எங்கே நிற்கின்றன என்று காட்டுங்கள்" என்று கேட்க எந்தப் படிப்பும் தேவையில்லை. காட்டத் தயங்குகிற இடத்தில் வண்டியை விடாதீர்கள்.

கேஸுக்கும் கம்ப்ரசருக்கும் போகுமுன் பார்க்க வேண்டியவை சில வட சென்னைக்கே உரியவை. காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலோரத்தில் நிற்கும் கார்களின் கண்டன்சர் அலுமினியம். உப்புக் காற்றில் அதன் மெல்லிய இதழ்கள் வெளுத்து, பொடிப்பொடியாக உதிர்ந்துவிடுகின்றன. எண்ணூர்ப் பக்கத்து நிலக்கரிச் சாம்பலும், மணலிச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதியும் அந்த இதழ்களுக்கு இடையே போய் அப்பிக்கொள்கின்றன. ஓடும்போது நன்றாகக் குளிர்ந்து, ரயில்வே கேட்டிலோ துறைமுகத்துக்குப் போகும் லாரி வரிசையிலோ நின்றவுடன் வெப்பக் காற்று வருகிறது என்றால், கேஸை விட்டுவிட்டு முதலில் கண்டன்சர் ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். ஃபேனின் ரிலே அல்லது மோட்டார் பழுதாகியிருக்கலாம். கண்டன்சரைத் தண்ணீரால் மென்மையாகக் கழுவினாலே போதுமானதாகவும் இருக்கலாம். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியை நெருக்கமாக வைத்து அடித்தால் இதழ்கள் மடங்கி, காற்றுப் போகும் வழியே அடைபட்டுவிடும். கடலோரத்தில் இருப்பவர்கள் மாதம் ஒருமுறையாவது நல்ல தண்ணீரில் அந்த உப்பை அலசிவிடுவது கண்டன்சரின் ஆயுளைக் கூட்டும்.

காற்றே குறைவாக வருகிறது, ஆனால் வருகிற காற்று குளிராக இருக்கிறது என்றால் கேபின் ஃபில்டரைப் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் டேஷ்போர்டில் உள்ள குளோவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கிறது, நாமே கழற்றலாம். அரை மணி நேரம் நன்றாகக் குளிர்ந்து, பிறகு காற்றே நின்றுபோய், சற்று அணைத்துவைத்தால் மீண்டும் வருகிறது என்றால், கூலிங் காயிலில் பனி கட்டுகிறது. கேஸைவிட அதன் வெப்ப உணரியைச் சந்தேகிக்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் நின்ற வண்டிகளில் ப்ளோயர் மோட்டாரிலும் கம்ப்ரசர் கிளட்ச்சின் பேரிங்கிலும் தண்ணீர் புகுந்து, மாதங்கள் கழித்துச் சத்தமாக வெளிப்பட்டதையும் கண்டேன். பேரிங் அல்லது கிளட்ச்சை மட்டும் மாற்ற முடிகிற வண்டிகள் பல உண்டு. முழுக் கம்ப்ரசரையும் மாற்றச் சொல்லும்போது அதைக் கேட்டுப் பார்க்கலாம்.

கம்ப்ரசர் உள்ளேயே உடைந்து இறுகிப்போனால் மாற்றத்தான் வேண்டும். அப்போது செலவைக் குறைக்க நினைத்து அதை மட்டும் மாற்றாதீர்கள். உடைந்த உலோகத் துகள் குழாய் முழுதும் பரவியிருக்கும். ட்ரையரும் எக்ஸ்பான்ஷன் வால்வும் புதிதாக வேண்டும், குழாய்களை அலச வேண்டும். இக்காலக் கண்டன்சர்களின் வழிகள் மிகவும் நுண்ணியவை என்பதால் பல சமயம் அவற்றையும் மாற்ற வேண்டிவரும். இதைச் சொல்லும் மெக்கானிக் பில்லை ஏற்றுகிறார் என்று கோபப்பட வேண்டாம். சொல்லாமல் கம்ப்ரசரை மட்டும் மாட்டித் தருபவரிடம்தான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். பழைய உதிரி பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையிலிருந்து பழைய கம்ப்ரசர் வாங்கி மாட்டுவதும் பிழைப்புக்கு வேண்டிய நிலையில் தவறல்ல. ஆனால் அது எத்தனை நாள் வாய் திறந்தபடி கிடந்தது, எந்த எண்ணெய் உள்ளே இருக்கிறது என்று பார்த்தாக வேண்டும். ஆர்-134ஏ வண்டிகளில் பி.ஏ.ஜி. எண்ணெய்; மின்சாரக் கம்ப்ரசர் உள்ள ஹைபிரிட், மின்சாரக் கார்களில் மின்கடத்தாத வேறு வகை எண்ணெய். மாற்றி ஊற்றினால் மின்கசிவு வரை கொண்டுபோய்விடும்.

போலிக் கேஸைப் பற்றியும் சொல்ல வேண்டும். துறைமுகத்தை ஒட்டி வாழும் நமக்கு அது நெருங்கிய விஷயம். 2011-இல், வியட்நாமில் பழுதுபார்க்கப்பட்ட சில குளிர்சாதனக் கன்டெய்னர்கள் வெடித்து, துறைமுகத் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். ஆர்-134ஏ என்ற பெயரில் ஏற்றப்பட்ட வாயுவில் மீத்தைல் குளோரைடு கலந்திருந்தது. அது அலுமினியத்தோடு வினைபுரிந்து, காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கும் சேர்மத்தை உண்டாக்கியது. காரின் கண்டன்சரும் கூலிங் காயிலும் அலுமினியம்தான். சமையல் எரிவாயு வகையைச் சேர்ந்த மலிவான வாயுவை ஏற்றினாலும் குளிரும் என்பது உண்மை. அந்த வாயு டேஷ்போர்டுக்குள் கசிந்தால் குடும்பத்தோடு அமர்ந்திருக்கும் இடத்தில் தீக்கு வழி செய்துகொள்கிறோம் என்பதும் உண்மை. லேபிள் இல்லாத சிலிண்டரிலிருந்து கேஸ் ஏற்ற ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். சீல் உடைக்காத டப்பாவைக் கண்ணெதிரில் திறக்கச் சொல்லுங்கள். ஓட்டையைத் தானே அடைக்கும் என்று விற்கப்படும் பசை வகைகளும் வேண்டாம். எக்ஸ்பான்ஷன் வால்வின் துளையையும் சேர்த்து அவை அடைத்துவிடும் ஆபத்து இருக்கிறது.

பில் விஷயத்தில் நம் மக்கள் காட்டும் தயக்கம் எனக்கு வருத்தம் தருகிறது. "தெரிஞ்ச தம்பி கடை, பில் கேட்டால் தப்பா நினைப்பாரு" என்கிறார்கள். கார் பழுதுபார்ப்பது சட்டப்படி ஒரு சேவை. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், செய்த சேவைக்குப் பில் தராமல் இருப்பதே நியாயமற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. குறை இருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தரலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் வைத்தே தீர வேண்டும் என்பதும் இல்லை. ஆனால் கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லாமல் அங்கே போய் என்ன சொல்ல முடியும்? வாடகை வண்டிக்காரர்களுக்கு இன்னொன்றும்: தன் பிழைப்புக்காக ஒருவர் தானே ஓட்டும் வண்டி என்றால், வணிகப் பயன்பாடு என்று சொல்லி அந்தச் சட்டம் அவரைத் தள்ளிவிடுவதில்லை.

வேலை தொடங்கும் முன்பே எஸ்டிமேட்டை எழுதி வாங்குங்கள். வாட்ஸ்ஆப்பில் வந்தாலும் போதும். கழற்றிய பழைய பாகம் வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். முடிந்த பிறகு கேட்டால், "குப்பையில போட்டாச்சு" என்ற பதில்தான் வரும். சோதனைக்குத் தனிக் கூலி கேட்டால் மனமுவந்து கொடுங்கள். டேஷ்போர்டில் குளிர்காற்று வரும் நடு துவாரத்தில் ஒரு தெர்மாமீட்டரை வைத்து, வேலைக்கு முன்னும் பின்னும் எத்தனை டிகிரி என்று குறித்துக்கொள்ளுங்கள். வெளிக்காற்றைவிட 15 டிகிரிக்குக் குறையாமல் இறங்கினால் பொதுவாக நல்ல நிலை. வாரண்டி முடியாத வண்டி என்றால் முதலில் நிறுவனத்தின் சர்வீஸ் சென்டருக்கே போங்கள். அங்கும் கசிவு எங்கே என்ற கேள்வியைக் கேட்டாக வேண்டும். குளிரில் எந்தக் குறையும் இல்லாத வண்டிக்குக் 'கோடைக்கால ஏசி பேக்கேஜ்' என்று கேஸ் மாற்றுவதும் கூலிங் காயிலைச் சுத்தம் செய்ய நுரை அடிப்பதும் அவசியமற்ற செலவு.

கடைக்காரர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லாவிட்டால் இக்கடிதம் முழுமையாகாது. சோதிக்க ஒரு மணி நேரம் வேண்டும் என்றால், "அதெல்லாம் வேணாம், சும்மா கேஸ் மட்டும் அடிச்சு விடு, சவாரி இருக்கு" என்று அவசரப்படுத்துவது நாம்தான். லீக் டெஸ்ட்டுக்குக் கூலி கேட்டால், சும்மா பார்ப்பதற்குப் பணமா என்று அடுத்த கடைக்குப் போவதும் நாம்தான். நல்ல வேக்குவம் பம்ப், எடை மெஷின், நைட்ரஜன் சிலிண்டர் எல்லாம் வாங்கி வைத்து, அரை நாள் உழைத்துச் சரியாக வேலை செய்பவரும், பத்து நிமிடத்தில் கேஸ் அடித்து அனுப்புபவரும் ஒரே கூலியை வாங்க வேண்டிய நிலை இருந்தால், யார் ஒழுங்காகச் செய்வார்கள்? தண்டையார்பேட்டையில் எனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக், ஏற்றிய கிராம் அளவைச் சாக்பீஸால் பானெட்டின் உட்புறத்திலேயே எழுதிவிடுகிறார். அடுத்த முறை வரும்போது எவ்வளவு குறைந்தது என்று அவருக்கே தெரிய வேண்டும் என்பதற்காக. அப்படிப்பட்டவர்களுக்குக் கூடுதலாக நூறு, இருநூறு கொடுப்பதில் நட்டம் எதுவும் இல்லை.

இது நம் பையோடு நிற்கும் விஷயமும் அல்ல. ஆர்-134ஏ ஓசோன் படலத்தைக் கெடுப்பதில்லை. ஆனால் பூமியைச் சூடாக்குவதில் அதே எடை கரியமில வாயுவைவிட 1,300 மடங்குக்குக் குறையாத வலிமை கொண்டது. ஒரு சிறு காரின் 400 கிராம் கேஸ் காற்றில் கலந்தால், அது அரை டன் கரியமில வாயுவுக்குச் சமம். இத்தகைய வாயுக்களைக் குறைப்பதற்கான கிகாலி திருத்தத்துக்கு இந்தியா 2021-இல் ஒப்புதல் அளித்திருக்கிறது. 2019 மார்ச்சில் மத்திய அரசு வெளியிட்ட குளிரூட்டல் செயல்திட்டத்தில், பழுதுபார்க்கும் தொழிலாளர்கள் ஒரு லட்சம் பேருக்குப் பயிற்சியும் சான்றும் தருவது இலக்காகச் சொல்லப்பட்டது. சாலையோரத்தில் கார் ஏசி பார்க்கும் நம் பகுதி இளைஞர்களில் நான் பேசிப் பார்த்தவர்கள் யாரும் அப்படி ஒரு பயிற்சியைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கவில்லை. கழற்றும்போது உள்ளிருக்கும் கேஸைத் திரும்பப் பிடித்துச் சேமிக்கும் மெஷினை அவர்களில் பலர் கண்ணாலேயே பார்த்ததில்லை. 'புஸ்' என்று திறந்துவிடுவதுதான் வழக்கம். சுமார் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதிக்கும் அந்தத் திரவம் பட்டு விரல் வெந்த தழும்பு பலர் கையில் இருக்கிறது. கையுறையும் கண்ணாடியும் யாரிடமும் இல்லை.

எனவே தமிழக அரசின் வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறைக்கு என் கோரிக்கை இது. வட சென்னையில் உள்ள அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தில், கடை நடத்திக்கொண்டே படிக்கும்படி ஞாயிற்றுக்கிழமைகளில், தமிழில், கார் ஏசிக்கென்று ஒரு குறுகிய செய்முறைப் பயிற்சியைத் தொடங்க வேண்டும். முடித்தவர்களுக்குக் கடையில் மாட்டிவைக்கும்படி சான்றிதழ் தர வேண்டும். எடை மெஷினும் வேக்குவம் பம்ப்பும் கேஸ் மீட்கும் மெஷினும் வாங்க, சிறுதொழில் கடனில் அவர்களுக்கு முன்னுரிமை வேண்டும். கடைக்காரர்களின் சங்கங்களும், கசிவு இருந்த இடம், வேக்குவம் எடுத்த நேரம், ஏற்றிய கிராம் ஆகிய மூன்றையும் பில்லில் எழுதுவதை உறுப்பினர்களுக்குக் கட்டாயமாக்கலாம். அதற்கு அரசாணைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த கோடைக்குள் இதைத் தொடங்கிவிட முடியும் என்று நம்புகிறேன். தங்கள் பத்திரிகை இக்கோரிக்கையைத் துறை அதிகாரிகளின் பார்வைக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற குளிர்பதனத் தொழிலாளி,
தண்டையார்பேட்டை, சென்னை.